எட்டு போட்டால் டிரைவரா?

உங்கள் பர்ஸைத் திறந்து பாருங்கள். அதில் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா? இருந்தால் அடுத்த கேள்வி. கடைசியாக எப்போது கார் ஓட்டினீர்கள்?

அடுத்த முறை ஏதாவது கல்யாணப் பந்தியில் உட்காரும்போது இந்த இரண்டு கேள்விகளையும் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ரசம் வருவதற்குள் இரண்டு மூன்று பேராவது "லைசென்ஸ் இருக்குங்க, ஆனா ஓட்டறதில்லை" என்பார்கள். பெரும்பாலும் பெண்கள். கொஞ்சம் ஆண்களும் உண்டு, அவர்கள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் வரும் பதில்கள் இவை: "பயமா இருக்கு." "இவர் பக்கத்துல உட்கார்ந்தாலே கை நடுங்குது." "டிரைவிங் ஸ்கூல்ல நல்லாத்தான் ஓட்டினேன். எங்க கார்ல ஏறினா ஒண்ணும் வரலை."

கடைசி பதில்தான் முக்கியம். அதைச் சொல்கிறவர் தன் மேல் ஏதோ குறை இருப்பதாக நினைத்துச் சொல்கிறார். குறை அவரிடம் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் அவர் கார் ஓட்டவே இல்லை என்பதுதான் விஷயம்.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் பிரேக் இருக்கும், கிளட்ச் இருக்கும். ஆபத்து வந்தால் வண்டியை நிறுத்துவதற்காக இந்த இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நடப்பது என்ன? முதல் நாள் காலை ஆறரை மணிக்கு, நாய் கூட எழுந்திருக்காத ஏதோ ஒரு நகர்ப்புறக் காலனித் தெருவில், "மேடம், நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாருங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்கிறார் மாஸ்டர். பத்தாவது நாளும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கிளட்ச் அவர் காலில். பிரேக் அவர் காலில். ஹாரன் கூடச் சில நேரம் அவரே எட்டி அடிக்கிறார். மாணவி செய்வது திருவிழா ராட்டினத்தில் பொம்மைக் கார் ஸ்டியரிங்கைத் திருப்பும் குழந்தையின் வேலை. "பரவாயில்லையே, நல்லா ஓட்டறீங்களே" என்று பாராட்டு வேறு.

பதினோராவது நாள் சொந்தக் காரில் உட்காருகிறார். பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை. அதற்குப் பதிலாகக் கணவர் இருக்கிறார். பிரேக் செய்கிற வேலையை அவர் வாயால் செய்கிறார். "ஐயையோ, பஸ் வருது! உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?" முதல் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிறது. பின்னால் பத்து ஹாரன்கள். அத்தோடு சரி. கார் சாவி மறுபடியும் ஆணியில் தொங்கப் போய்விடுகிறது. சில வீடுகளில் வருஷக்கணக்கில்.

இதற்கு யார் பொறுப்பு? டிரைவிங் ஸ்கூலா? அரசாங்கமா? நாமா? மூன்று பேருமே.

முதலில் டிரைவிங் ஸ்கூல். அவர்கள் விற்பது ஓட்டும் திறமையை அல்ல, லைசென்ஸை. போர்டைப் பாருங்கள்: எல்.எல்.ஆர்., பத்து கிளாஸ், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். ஒரு கிளாஸ் என்பது அரை மணி. அந்த அரை மணியில் முந்தைய மாணவரை வீட்டில் இறக்கி விடுவதும் அடுத்த மாணவரை ஏற்றிக் கொள்வதும் அடக்கம். பத்து அரை மணி என்றால் கணக்குப்படி ஐந்து மணி நேரம். நிஜத்தில் இன்னும் குறைவு.

சட்டம் என்ன கேட்கிறது தெரியுமா? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதன் 31வது விதியின்படி சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்றுத் தரும் பயிற்சி 21 நாட்களுக்குக் குறையக் கூடாது. அதில் மாணவர் நிஜமாக வண்டி ஓட்டும் நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதைப் பதிந்து வைக்க ஒரு பதிவேடே உண்டு. அதன் பெயர் படிவம் 15. நீங்கள் டிரைவிங் ஸ்கூலில் படித்தவரா? உங்கள் பெயர் இருக்கும் படிவம் 15ஐ யாராவது உங்களுக்குக் காட்டினார்களா? அப்படி ஒன்று இருப்பதாவது தெரியுமா?

அடுத்தது அரசாங்கம். லைசென்ஸ் சோதனையில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதே விதிகளில் 15வது விதி நீளமாகப் பட்டியல் போடுகிறது. கண்ணாடியைச் சரி செய்துகொள்வதில் ஆரம்பித்து, டாப் கியர் வரை போவது, நெரிசலில் சட்டென்று கியரைக் குறைப்பது, சிக்னல் காட்டி லேன் மாறுவது, முந்துவது, முந்த விடுவது, அவசரமாக நிறுத்துவது, குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுப்பது, செங்குத்தான மேட்டில் வண்டியை நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவது என்று ஒன்று விடாமல் இருக்கிறது. எழுதியவர் சாலையை அறிந்தவர். கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் பல ஊர்களில் நடக்கிற சோதனை என்ன? பைக் என்றால் ஒரு எட்டு. கார் என்றால் கொஞ்ச தூரம் நேராகப் போ, நிறுத்து, கொஞ்சம் ரிவர்ஸ் வா, இறங்கு. அதுவும் டிரைவிங் ஸ்கூல் காரில், பக்கத்தில் மாஸ்டரோடு. மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொல்லி யாரும் கேட்டதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. சோதனைக்கு இடமே மேடு இல்லாத இடமாகத்தானே பார்த்து வைத்திருக்கிறார்கள்!

இப்படி லைசென்ஸ் வாங்கியவர் அடுத்த வாரம் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறுகிறார். ஏறும்போது முன்னால் போகும் மாநகரப் பேருந்து நின்று விடுகிறது. பின்னால் தண்ணி லாரி, பம்பரை முகர்வது போல நெருங்கி நிற்கிறது. ஹேண்ட் பிரேக், ஹாஃப் கிளட்ச், ஆக்ஸிலேட்டர் என்று மூன்றும் ஒன்றாக வேலை செய்ய வேண்டிய அந்த நாலு செகண்டை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் என்று அரசாங்க முத்திரை குத்திய அட்டை பர்ஸில் இருக்கிறது.

அபராத விஷயத்தில் மட்டும் நம் அரசாங்கங்கள் சோம்பேறிகள் அல்ல. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள். சரி, தப்பில்லை. ஆனால் லைசென்ஸ் இருந்தும் ஓட்டத் தெரியாமல் சாலைக்கு அனுப்பி வைத்தவர்களுக்கு என்ன அபராதம்? பத்து மடங்கு உயர்த்த அங்கே ஒரு ரூபாய் கூட இல்லையே?

ஓட்டத் தெரியாதவர் ஓட்டாமல் இருந்து விட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நிறைய நஷ்டம். ராத்திரி பதினோரு மணிக்கு மாமனாருக்கு நெஞ்சு வலி. வீட்டுக்காரர் வெளியூரில். வாசலில் கார் நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டிக் கொண்டிருக்க வேண்டும். பெண் விடுதலை பற்றி மேடைகளில் பேசுகிறோம். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்கு இன்னொருவரை எதிர்பார்க்காமல் போக முடிவது அதில் பாதி. மிச்சம் பாதிக்கும் அதுதான் வழி.

பயந்து கொண்டே ஓட்டுகிறவரால் மற்றவர்களுக்கும் ஆபத்து. நடு ரோட்டில் திடீர் பிரேக் போடுபவர், வலது ஓரத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், சந்திப்பில் போகலாமா வேண்டாமா என்று பாதி வந்து நிற்பவர். இவர்கள் திமிர் பிடித்தவர்கள் அல்ல. சொல்லித் தரப்படாதவர்கள்.

2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இதற்கெல்லாம் புது டிரைவர்கள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதிவேகம்தான் முதல் காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை ஆண்டுதோறும் சொல்கிறது. ஆனால் அதிவேகத்தில் போகிறவரும் இதே எட்டைப் போட்டுத்தான் லைசென்ஸ் வாங்கினார். எந்த வேகத்தில் போனால் எத்தனை அடியில் நிற்கலாம் என்று அவருக்கும் யாரும் ரோட்டில் கூட்டிப் போய்க் காட்டவில்லை. பயிற்சி இல்லாதபோது ஒருவர் பயந்தாங்கொள்ளி ஆகிறார், இன்னொருவர் முரடர் ஆகிறார்.

சரி, என்னதான் செய்வது?

நம் ஊர்களில் சத்தமில்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்து கொண்டிருக்கிறது. லைசென்ஸ் வாங்கியும் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கு, அவர்கள் வீட்டுக்கே வந்து, அவர்களுடைய காரிலேயே, அவர்கள் தினமும் போக வேண்டிய வழியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் பெண்கள். இவர்களில் உருப்படியானவர்கள் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன்.

முதல் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். "எத்தனை நாள்ல முடிக்கணும்?" என்று கேட்க மாட்டார்கள். "நீங்க எங்க போகணும்?" என்று கேட்பார்கள். குழந்தையின் பள்ளிக்கூடமா, ஆபீஸா, அம்மா வீடா? அந்த வழியில் எந்த இடத்தில் வயிறு கலக்குகிறது? ஒருவருக்கு மேம்பாலம். ஒருவருக்கு சிக்னல் இல்லாத சந்திப்பில் வலது பக்கம் திரும்புவது. இன்னொருவருக்கு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இரண்டு தூண்களுக்கு நடுவே ரிவர்ஸ். பயம் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில்லை. ஆளுக்கு ஆள் வேறு. எனவே பாடமும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும். மருந்துக் கடையில் எல்லோருக்கும் ஒரே மாத்திரையா கொடுக்கிறார்கள்?

மேம்பாலம் பயமா? முதலில் கூட்டமில்லாத ஒரு சின்ன மேட்டில் இருபது முறை நிறுத்திக் கிளப்பு. காலுக்குப் பழகின பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாலம். பிறகு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அதே பாலம். பிறகு ஒரு நாள் ராத்திரி. முடிந்தால் ஒரு நாள் மழை. ஆரம்பத்தில் நிறையப் பேசுகிற பயிற்சியாளர் நாளாக நாளாகப் பேச்சைக் குறைப்பார். "இப்ப கண்ணாடி பாருங்க" என்பது "இப்ப என்ன பார்க்கணும்?" என்று மாறும். பிறகு அதுவும் நிற்கும். கடைசி நாள் பின் சீட்டில் போய் உட்கார்ந்து கொள்வார். நல்ல ஆசிரியர் எந்தத் துறையிலும் தன் தேவையைத் தானே ஒழித்துக் கட்டுகிறவர்தான்.

ஒரு எச்சரிக்கை. இது லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு. முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொடுகிறவர் இரட்டை பிரேக் உள்ள வண்டியில்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பாடத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேயே நின்று விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மற்ற நாடுகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குக் குறைந்தவர் லைசென்ஸ் கேட்டால், பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை வைத்துக்கொண்டு 120 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே இத்தனை பாடம், நெடுஞ்சாலையில் இத்தனை, இருட்டில் இத்தனை என்று பிரித்தே விதி எழுதினார்கள். பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய பிறகு படிப்பதற்கென்றே 1995ல் 'பாஸ் பிளஸ்' என்று ஒன்று கொண்டு வந்தார்கள். குறைந்தது ஆறு மணி நேரம். நகரம், கிராமத்துச் சாலை, இரவு, மழை, அதிவேக நெடுஞ்சாலை. முடிவில் பரீட்சை கிடையாது. கற்றுக் கொள்வதுதான் நோக்கம் என்பதால்.

நம் ஊரிலும் 2021ல் மத்திய அரசு அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு விதி கொண்டு வந்தது. காருக்கு மொத்தம் 29 மணி நேரம், அதில் 21 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. கேட்கவே இனிக்கிறது. கூடவே ஒரு சலுகை: அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்ட வேண்டாம். எனக்கு இங்கேதான் உதைக்கிறது. 1989லிருந்து பத்து மணி நேரத்தையே எண்ணிப் பார்க்காத நாம், 21 மணி நேரத்தை எண்ணப் போகிறோமா? அதோடு, இந்த மையங்கள் இனிமேல் லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கு. ஏற்கெனவே வாங்கி பர்ஸில் வைத்துக் கொண்டு பயந்து கொண்டிருப்பவர்களுக்கு என்ன வழி?

"எல்லாம் ரோட்ல ஓட்டி ஓட்டித் தானா வந்துடும் சார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. வரும். ஆனால் அந்த 'தானா' வருவதற்குள் எத்தனை சைக்கிள்காரர்கள், எத்தனை பூக்காரம்மாக்கள் அதற்கு விலை கொடுக்க வேண்டும்? நீங்கள் கற்றுக் கொள்வதற்கு அவர்கள் கரும்பலகையா?

"விதியைக் கடுமையாக்கினால் லஞ்ச ரேட்தான் ஏறும்" என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கேரளாவில் 2024ல் சோதனையைக் கடினமாக்கப் பார்த்தபோது டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதனால்தான் நான் சோதனையைக் கடுமையாக்குவதை முதலில் வைக்கவில்லை. ஓட்டிய நேரத்தை எண்ணுங்கள் என்கிறேன். அரை மணி சோதனையில் ஏமாற்றுவது சுலபம். இருபது நாள் ரோட்டில் ஓட்டியதை, ஓட்டியவரே கணக்கு வைத்திருந்தால், ஏமாற்றுவது கஷ்டம்.

மூன்றாவது வாதம் செலவு. "லைசென்ஸுக்கும் கொடுத்து, அப்புறம் இதுக்கும் கொடுக்கணுமா?" லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கார் வாங்குகிறோம். சீட் கவர், கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார், பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் பேரம் பேசாமல் செலவு செய்கிறோம். அதை ஓட்டத் தெரிந்து கொள்வதற்கு மட்டும் சிக்கனம். கடைசியில் முன் பம்பரும் ஒரு கதவும் அந்தக் காசைக் கேட்டு வாங்கிக் கொள்கின்றன.

எனவே மூன்றாவது குற்றவாளியான நாம் முதலில் நம் கேள்வியை மாற்றிக் கொள்ள வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் போய் "லைசென்ஸ் எப்ப கைக்கு வரும்?" என்று கேட்கிறோம். அவர்களும் அதையே விற்கிறார்கள். "நான் எத்தனை மணி நேரம் ஓட்டுவேன்? எந்தெந்த ரோட்டில்? உங்க கால் எப்ப பெடலை விட்டு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து சோதனைக்குப் போகலாம் என்கிறது சட்டம். முப்பத்தோராவது நாளே போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அந்த ஆறு மாதமும் உங்களுடையது.

போக்குவரத்துத் துறையிடம் நான் வைக்கும் கோரிக்கைகள்:

1. படிவம் 15ன் ஒரு பிரதியை மாணவர் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். அவரே நேரத்தை எழுதி, அவரே கையெழுத்திடட்டும். அது இல்லாமல் டிரைவிங் ஸ்கூல் மூலம் வரும் யாருக்கும் சோதனை கிடையாது என்று சொல்லுங்கள்.

2. அந்தப் பத்து மணி நேரத்தில் பாதியாவது போக்குவரத்து உள்ள சாலையில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது இரவில்.

3. 15வது விதியில் உள்ளதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். இருப்பதைச் செய்யுங்கள். குறைந்தபட்சம் அந்த மேட்டுச் சோதனை.

4. வீட்டுக்கு வந்து சொல்லித் தரும் பயிற்சியாளர்களை முறைப்படுத்துங்கள். காசு வாங்கிக் கொண்டு கற்றுத் தர உரிமம் வேண்டும் என்கிறது 24வது விதி. ஆனால் அது வகுப்பறையும் வண்டி நிறுத்துமிடமும் உள்ள பள்ளிகளுக்காக எழுதப்பட்டது. லைசென்ஸ் உள்ளவருக்கு அவர் காரிலேயே சொல்லித் தரும் தனி ஆளுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒரு எளிய பயிற்சியும் தேர்வும் அடையாள அட்டையும் கொடுங்கள். கண்டவரெல்லாம் பயிற்சியாளர் என்று கிளம்பும் ஆபத்தும் குறையும்.

நமக்கு நாமே வைத்துக் கொள்ள வேண்டிய கோரிக்கை ஒன்றும் இருக்கிறது. ரோட்டில் 'எல்' போர்டு மாட்டிய கார் ஒன்று சிக்னலில் ஆஃப் ஆகி நின்றால் ஹாரனில் கை வைக்காதீர்கள். பத்து செகண்ட் பொறுங்கள். அந்தப் பத்து செகண்டில் உள்ளே இருக்கிறவர் கிளட்ச்சை மிதித்து, சாவியைத் திருப்பி, வண்டியைக் கிளப்பிக் கொண்டு போய் விடுவார். நீங்கள் அடிக்கும் ஹாரனால்தான் அவர் சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டுகிறார்.